கேட்டு வாங்கும் உரிமை

லூஷியஸ் பைனத்துக்கும் ராபர்ட்டா டீகுக்கும் என்ன உறவு என்று கேட்டால், அவர்கள் மொழியில் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும். என் மகளின் மாமியார், என் மகனின் மாமனார் என்று. லூஷியஸின் பக்கத்து வீட்டில் பல காலமாகக் குடியிருக்கும் நான்தான் ஒருநாள் வேலியோரம் நின்றபடி ‘சம்பந்தி’ என்ற சொல்லைச் சொல்லிக்கொடுத்தேன். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த ஞாயிறே ராபர்ட்டாவை அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். அந்த அம்மாள் முதலில் ஏதோ வசவு என்று நினைத்து முறைத்தாளாம். அர்த்தம் தெரிந்ததும் அவளும் அவரைத் திருப்பி அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். வட கரோலினாவில் எங்கள் மாவட்டத்தில் அந்தச் சொல்லைப் புழங்கியவர்கள் அவர்கள் இருவர் மட்டும்தான்.

லூஷியஸ் கறுப்பர். நில அளவை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராபர்ட்டா வெள்ளைக்காரி. மாவட்டக் காவல் தலைவரான ஷெரீஃபின் அலுவலகத்தில், கைத்துப்பாக்கி வாங்க அனுமதி கேட்டு வருகிறவர்களின் மனுவை வாங்கும் சன்னலில் வெகுகாலம் உட்கார்ந்திருந்தவள். எங்கள் மாநிலத்தில் அப்போது ஷெரீஃப் கையெழுத்துப் போட்ட அனுமதிச் சீட்டு இல்லாமல் கைத்துப்பாக்கி வாங்க முடியாது. நூறு வருஷத்துப் பழைய சட்டம். நல்ல நடத்தை உள்ளவன் என்று ஷெரீஃபுக்குத் திருப்தி ஏற்பட வேண்டும்.

ராபர்ட்டாவின் மகன் வேட், லூஷியஸின் மகள் கொரின்னைக் கல்யாணம் செய்திருந்தான். கொரின் தாதி வேலை பார்த்தாள். வேட் மின்கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவன். புயலடித்து ஊரே இருண்டு கிடக்கும்போது மழையங்கி மாட்டிக்கொண்டு கிளம்புவானே, அந்த வகை ஆள். ஒருதடவை அப்படி ஒரு புயலுக்குப் பிறகு மேலேயிருந்து விழுந்தான். உயிர் பிழைத்தான், முதுகுதான் பழையபடி ஆகவில்லை. அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். முன்பே அதிகம் பேசாதவன், அதற்குப் பிறகு இன்னும் குறைத்துக்கொண்டான். அவர்களுக்கு டெல்ஃபின் என்று ஒரு சின்னப் பெண்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் எல்லோரும் கொரின் வீட்டில் கூடுவார்கள். நானும் சில தடவை போயிருக்கிறேன். பொடியாக நறுக்கிய பன்றி இறைச்சி, கீரை, சோள ரொட்டி, கடைசியில் சர்க்கரைவள்ளிக்கிழங்கில் செய்த இனிப்பு. சாப்பாட்டைவிட அந்த இருவரின் வாக்குவாதம்தான் அங்கே பெரிய விருந்து. வேட் விழுந்து இரண்டு வருஷம் ஆன குளிர்காலத்தில், பழைய அனுமதிச் சட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்று மாநிலத் தலைநகரத்தில் பேச்சு எழுந்தது. அதிலிருந்து மேசையில் வேறு பேச்சே இல்லை.

“என்ன சம்பந்தி, உங்க ஷெரீஃபுக்கு வேலை போகப்போகுதாமே?” என்று லூஷியஸ் ஆரம்பிப்பார்.

“அவருக்கு வேலை போகாது. ஊர்ல உள்ள கிறுக்கனுக்கெல்லாம் துப்பாக்கி கிடைச்சுட்டா அவருக்கு வேலை கூடத்தான் செய்யும்” என்பாள் ராபர்ட்டா.

“அரசியல் சட்டத்துல எழுதி வச்ச உரிமைக்கு ஒருத்தன்கிட்ட போய்ப் பல்லைக் காட்டணுமா?”

“பல்லைக் காட்ட வேணாம். முகத்தைக் காட்டினாப் போதும். மூஞ்சியைப் பாத்தா எனக்குத் தெரிஞ்சுடும்.”

“அதான் பிரச்சினையே. எங்க மூஞ்சியைப் பாத்ததும் உங்க ஆளுங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுடும்!”

இரண்டு பேரும் சிரிப்பார்கள். கொரின் “போதும், சாப்பாடு ஆறுது” என்பாள். வேட் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

லூஷியஸின் சிரிப்புக்கு அடியில் ஒரு பழைய காயம் இருந்தது. அவர் சிறு பையனாக இருந்தபோது அவருடைய அப்பா எஸ்ரா பைனம் கறுப்பர்களை வீடு வீடாகப் போய் ஓட்டுரிமைக்குப் பதிவு செய்யக் கூட்டிவந்தார். வீட்டு முன்னால் இரவில் கார்கள் மெதுவாக வந்து நின்று போயின. ஒருநாள் கோழிக்கூண்டுக்குத் தீ வைத்தார்கள். எஸ்ரா நல்ல சட்டை போட்டுக்கொண்டு, மகனையும் கையில் பிடித்துக்கொண்டு, ஷெரீஃப் அலுவலகத்துச் சன்னலில் போய் நின்றார். உள்ளேயிருந்தவன் அவரைச் சின்ன வயதிலிருந்தே அறிந்தவன். இருவரும் ஒரே ஆற்றில் மீன் பிடித்தவர்கள்.

“உனக்கு எதுக்குடா எஸ்ரா துப்பாக்கி?” என்று கேட்டிருக்கிறான்.

“வீட்டுல பொண்டாட்டி பிள்ளைங்க இருக்காங்க, ஐயா.”

“நல்ல நடத்தை உள்ளவனுக்குத்தான் சீட்டு. நீ ஊரைக் கெடுத்துக்கிட்டுத் திரியிற. போடா, போய் வேலையைப் பாரு.”

அந்த மாதமே வீட்டுச் சுவரைத் துளைத்துக்கொண்டு குண்டுகள் வந்தன. எஸ்ராவுக்கு ஒரு கை செயலற்றுப் போயிற்று. கோடரியை மடியில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவை லூஷியஸ் ஒருநாளும் மறக்கவில்லை. அடுத்த அறுவடைக்குள் நிலத்தை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் அந்தப் பக்கத்தையே விட்டு, மாவட்டத்தின் இந்தக் கோடிக்கு வந்துவிட்டார்கள்.

மாவட்ட மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். சட்டத்தை எடுக்க வேண்டாம் என்று தலைநகரத்துக்குத் தீர்மானம் அனுப்பலாமா என்பதுதான் கேள்வி. யார் வேண்டுமானாலும் பேசலாம். இருவரும் பெயர் கொடுத்தார்கள். ஒரே காரில்தான் வந்தார்கள். ராபர்ட்டாவுக்கு மழையில் ஓட்டப் பயம் என்று லூஷியஸ்தான் கூட்டிவந்தார்.

முதலில் ராபர்ட்டா பேசினாள். மேடைப் பேச்சு அவளுக்குப் பழக்கமில்லை. மைக்கைப் பார்க்காமல் மன்ற உறுப்பினர்களைப் பார்த்துப் பேசினாள்.

“அந்தச் சன்னல்ல நான் உக்காந்திருந்தேன். சண்டை போட்டுட்டு நேரா வந்தவங்களைப் பாத்திருக்கேன். அழுது கண்ணு வீங்கி வந்தவங்களைப் பாத்திருக்கேன். ‘விசாரிக்கணும், அடுத்த வாரம் வாங்க’ன்னு சொல்லுவேன். சில பேர் வரவே மாட்டாங்க. பிறகு கடையில பாக்கறப்ப என் கையைப் பிடிச்சுக்குவாங்க, ஒண்ணும் பேச மாட்டாங்க. உரிமை வேணாம்னு நான் சொல்லலை. மீன் பிடிக்க லைசென்ஸ் வாங்கறோம். கல்யாணம் பண்ணிக்கவும் லைசென்ஸ் வாங்கறோம். கல்யாணம் உரிமை இல்லையா? கொஞ்சம் பொறுத்திரும்மான்னு சொன்னா யாரும் செத்துட மாட்டாங்க. பொறுக்காததாலதான் சாவறாங்க.”

அரங்கில் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அடுத்து லூஷியஸ்.

அவர் குரல் நல்ல குரல். ஞாயிறுகளில் தேவாலயத்தில் வேதம் வாசிக்கிற குரல். அப்பாவின் கதையைச் சொன்னார். கோடரியைச் சொன்னார். அரங்கம் மூச்சு விடாமல் கேட்டது.

“எங்க அம்மா ஓட்டுப் போடப் போனா, அரசியல் சட்டத்துல ஒரு பத்தியைப் படிச்சுக் காட்டச் சொன்னாங்க. காட்டினா. உச்சரிப்பு சரியில்லைன்னு அனுப்பிட்டாங்க. சம்பந்தியம்மா கல்யாண லைசென்ஸைப் பத்திச் சொன்னாங்க. நல்லாச் சொன்னாங்க. அவங்க மகனும் என் மகளும் எங்க அப்பா காலத்துல அந்த லைசென்ஸ் கேட்டுப் போயிருந்தா என்ன கிடைச்சிருக்கும்? கறுப்பும் வெள்ளையும் கட்டிக்கிட்டா குத்தம்னு அப்ப சட்டம், கைவிலங்குதான் கிடைச்சிருக்கும். கேட்டு வாங்கணும்னா அது உரிமை இல்லைங்க, தயவு. தயவு பண்ற கை யாரோட கைன்னு எங்களுக்குத் தெரியும்.”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் அவருக்குப் போதையாக ஏறிவிட்டது. அந்தப் போதையில் ராபர்ட்டாவின் பக்கம் கையை நீட்டினார்.

“எங்க அப்பாவைத் திருப்பி அனுப்பின அதே சன்னல்லதான் இந்த அம்மாவும் உக்காந்திருந்தாங்க. எத்தனை கறுப்பு மூஞ்சியைத் திருப்பி அனுப்பினாங்கன்னு அவங்களையே கேளுங்க!”

அரங்கம் எழுந்து நின்று தட்டியது. ராபர்ட்டா எழுந்திருக்கவில்லை, பதிலும் சொல்லவில்லை. கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். கூட்டம் முடிந்ததும் வேறு யாருடைய காரிலோ ஏறிப் போய்விட்டாள்.

தீர்மானம் தோற்றது. லூஷியஸ் கையை நீட்டும் காட்சியை உள்ளூர்த் தொலைக்காட்சி திரும்பத் திரும்பப் போட்டது. வசந்தம் வருவதற்குள் சட்டமன்றம் பழைய சட்டத்தை எடுத்துவிட்டது. துப்பாக்கிப் பிரியர்களின் சங்கம் ஒன்று லூஷியஸைக் கூப்பிட்டு விருந்து வைத்தது. அவர் அங்கே போய்விட்டு வந்து, “கறுப்பன்னு ஒரே ஆள் நான்தான். படம் எடுக்கறதுக்குன்னே கூப்பிட்டாங்க போல” என்று வேலியோரம் சொன்னார். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

ராபர்ட்டா வாராவாரம் கொரின் வீட்டுக்கு வருவதை நிறுத்தினாள். லூஷியஸ் வராத ஞாயிறாகப் பார்த்து வந்தாள். மன்னிப்புக் கேட்கலாமே என்று லூஷியஸிடம் நான் சொன்னேன்.

“என்னன்னு கேட்கறது? சொன்னது பொய்யின்னா மன்னிப்புக் கேட்கலாம். சொன்ன விதம் தப்பு. அதுக்கு எப்படிக் கேட்கறதுன்னு யோசிச்சுட்டிருக்கேன்” என்றார். யோசித்துக்கொண்டே இருந்துவிட்டார்.

இலைகள் உதிரத் தொடங்கிய சமயம், ஒரு சாதாரண வேலை நாளில், வேட் மதிய உணவு இடைவேளையில் நெடுஞ்சாலையோரக் கடைக்குப் போய் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினான். கடைக்காரர் கணினியில் பெயரைத் தட்டிப் பார்த்தார். எந்தக் குற்றமும் இல்லாத பெயர். சீக்கிரமே கொடுத்துவிட்டார். வேட் திரும்ப அலுவலகத்துக்குப் போகவில்லை. ஆற்றங்கரையில் அவன் வண்டியை நிறுத்தியிருந்த இடத்தில் சாயங்காலம் அவனைக் கண்டெடுத்தார்கள்.

அடக்கத்தன்று மின்வாரிய ஆட்கள் வந்திருந்தார்கள். இரண்டு பெரிய வண்டிகளைச் சாலையின் இருபுறமும் நிறுத்தி, ஆள் ஏறும் தூக்கிகளை உயர்த்தி வளைவுபோலச் சேர்த்து, அதன் அடியில் வேட்டின் சவப்பெட்டியைக் கொண்டுபோனார்கள். ராபர்ட்டா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். லூஷியஸ் பின்னால் தள்ளி, டெல்ஃபினைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

எல்லோரும் போன பிறகு கொரின் வீட்டுச் சமையலறையில் அந்த இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். யாரோ கொண்டுவந்த பாத்திரங்கள் மேசை முழுக்க மூடியபடி கிடந்தன. லூஷியஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கொரின் முந்திக்கொண்டாள்.

“வேணாம்ப்பா. இனிமே இந்த வீட்டுல அந்தப் பேச்சு வேணாம்.”

“நான் அதைப் பேச வரலைம்மா...”

“அவர் இதே நாற்காலியிலதான் உக்காந்திருந்தார். நீங்க இந்தப் பக்கம், அத்தை அந்தப் பக்கம். வாரா வாரம். துப்பாக்கி எவன் வாங்கலாம், எவன் வாங்கக் கூடாது, பைத்தியக்காரன் வாங்கினா என்ன, கிறுக்கன் வாங்கினா என்ன. நடுவுல அவர் உக்காந்து கேட்டுட்டிருந்தார். தட்டுல வச்சது அப்படியே இருக்கும். நான்தான் எடுத்துக் கொட்டுவேன். உங்க ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர், ஒரே ஒரு நாள், ‘ஏம்ப்பா சாப்பிடலை’ன்னு கேட்டீங்களா?”

ராபர்ட்டா பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். கொரின் உடனே போய் அவளைக் கட்டிக்கொண்டாள். “நானும்தான் அத்தை, நானும்தான் கேக்கலை” என்று அழுதாள். லூஷியஸ் மட்டும் தனியாக நின்றார்.

சில நாள் கழித்து அவர் ராபர்ட்டாவின் வீட்டுக்குப் போனார். திட்டட்டும், வாய்க்கு வந்தபடி பேசட்டும் என்று நினைத்துக்கொண்டே போனாராம். அவள் கதவைத் திறந்து, காப்பி போட்டுக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்தாள்.

“சன்னல்ல இப்ப டோரத்தி இருக்கா” என்றாள். “தேவாலயத்துல வேட்டுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவ. அவன் போய் அந்தச் சன்னல் முன்னாடி நின்னிருந்தா, மூஞ்சியைப் பாத்த உடனே எனக்குப் போன் பண்ணியிருப்பா. ‘உம்மகன் வந்திருக்கான், ராபர்ட்டா, என்னன்னு பாரு’ன்னு. அவ்வளவுதான். சட்டம் கிட்டம் எல்லாம் எனக்கு வேணாம். ஒரு போன்.”

லூஷியஸ் தலையாட்டினார். தன் அப்பாவையும் அந்தச் சன்னலில் இருந்தவனுக்கு நன்றாகத் தெரியும் என்பது நாக்கு நுனிவரை வந்திருக்கிறது. தெரிந்ததால்தான் திருப்பி அனுப்பினான். அதை விழுங்கிவிட்டார். என்னிடம் வந்துதான் சொன்னார்: “ஒருத்தனைத் தெரிஞ்சு வச்சிருக்கறது அவனைக் காப்பாத்தவும் செய்யும், கொல்லவும் செய்யும். நான் பாதியைத்தான் பாத்திருந்தேன். சத்தம் போட்டுப் பேசினதும் அந்தப் பாதியைத்தான்.”

கிறிஸ்துமஸுக்குப் பிறகு கொரின் டர்ஹம் நகரில் ஒரு மருத்துவமனையில் வேலை தேடிக்கொண்டு, குழந்தையுடன் போய்விட்டாள். வீட்டை விற்றாகிவிட்டது.

அடுத்த வருஷம் சட்டமன்ற உறுப்பினர்கள் சிலர் புது மசோதா ஒன்று கொண்டுவந்தார்கள். அனுமதியெல்லாம் வேண்டாம், வாங்குவதற்கும் கையில் கொடுப்பதற்கும் நடுவில் சில நாள் இடைவெளி மட்டும் இருக்கட்டும் என்று. தலைநகரத்திலிருந்து ஓர் இளம்பெண் லூஷியஸைத் தேடி வந்தாள். மரியாதையான பெண்தான். முன்பு பேசியது தவறு என்று அவர் வந்து சொன்னால் ஊரே திரும்பிப் பார்க்கும் என்றாள். அதே வாரம் விருந்து வைத்த சங்கத்துக்காரரும் கூப்பிட்டார். சொந்தத் துக்கத்திலும் கொள்கையை விடாத மனிதர் என்று அவரைக் காட்ட வேண்டுமாம்.

“ரெண்டு பேருக்கும் என் மாப்பிள்ளை வேணும். உசிரோட இருந்தப்ப அவன் யாருக்கும் வேணாம், எனக்கும்கூட” என்றார் லூஷியஸ்.

போவதா வேண்டாமா என்று ராபர்ட்டாவிடமே போய்க் கேட்டார். அவள், “நானும் வரேன். என்ன சொல்லப்போறீங்கன்னு எங்கிட்டச் சொல்லாதீங்க” என்றாள். அவர்களோடு நானும் போனேன். வண்டி ஓட்டும் அவர் கை கொஞ்ச நாளாக நடுங்கிக்கொண்டிருந்ததால் நான் ஓட்டினேன்.

தலைநகர் ராலியில், மசோதாவை விசாரிக்கும் சட்டமன்றக் குழுவின் அறை சின்னது. உறுப்பினர்களில் பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லூஷியஸ் அப்பாவைப் பற்றிச் சொன்னார். மாப்பிள்ளை வேட் பற்றிச் சொன்னார். பழைய குரல் இல்லை. நடுவில் இரண்டு தடவை தண்ணீர் குடித்தார். குழுத் தலைவர் பொறுமையிழந்து குறுக்கிட்டார்.

“ரொம்ப வருத்தமா இருக்கு, ஐயா. ஆனா நீங்க மசோதாவுக்கு ஆதரவா, எதிர்ப்பா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

“ஒரே வார்த்தையில சொல்லித்தாங்க போன தடவை கைதட்டல் வாங்கினேன்” என்றார் லூஷியஸ். “என் அப்பாவுக்குப் பதில் சொல்ற மாதிரி ஒரு சட்டம் எழுதுங்க. என் மாப்பிள்ளைக்கும் அதுலயே ஒரு பதில் இருக்கணும். இவங்க ரெண்டு பேரையும் எப்படிச் சேர்த்து எழுதறதுன்னு எனக்குத் தெரியலை. அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களை இங்க அனுப்பியிருக்கோம்.”

யாரும் தட்டவில்லை. அந்த இளம்பெண் முகம் வாடிப்போனாள். சங்கத்துக்காரர் தலையை அசைத்துக்கொண்டே வெளியே போனார். மசோதா அந்தக் குழுவைத் தாண்டவில்லை, ஓட்டெடுப்பே நடக்கவில்லை.

திரும்பும் வழியில் இருபுறமும் பைன் மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பின்சீட்டிலிருந்து ராபர்ட்டாதான் ஆரம்பித்தாள்.

“அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டீங்களே. எத்தனை மூஞ்சியைத் திருப்பி அனுப்பினேன்னு.”

“அதை விடுங்க சம்பந்தி. நான் அப்படிக் கேட்டிருக்கவே கூடாது.”

“கேட்டீங்க இல்ல. நான் ஏன் பதில் சொல்லலைன்னு நினைச்சீங்க? கோவத்துலயா?” அவள் வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். “நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல பழைய ஷெரீஃப் இருந்தார். சில மனுவை மட்டும் தனியா எடுத்து வைப்பார். அதுல இருந்த தெருப் பேரெல்லாம் எந்தத் தெருன்னு எனக்குத் தெரியும். யாரோட தெருன்னும் தெரியும். ஏன்னு நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வந்தவங்ககிட்ட ‘சீட்டு இன்னும் வரலைங்க, அடுத்த வாரம் பாருங்க’ன்னு சிரிச்ச மூஞ்சியோட சொல்லுவேன். பிறகு புது ஷெரீஃப் வந்தார், எல்லாம் சரியாச்சு. நானும் மறந்துட்டேன். நீங்க கையை நீட்டினப்பதான் ஞாபகம் வந்தது.”

லூஷியஸ் முன்சீட்டில் திரும்பி அவளைப் பார்க்க முயன்றார். கழுத்து அவ்வளவு தூரம் திரும்பவில்லை.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, ராபர்ட்டா?”

“சொல்லியிருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்க.”

“நான்தான் எப்படியும் ஜெயிச்சேனே” என்றார் அவர்.

சற்றுப் பொறுத்து, டர்ஹம் பக்கம் போகும் பிரிவு வந்தபோது, ராபர்ட்டா முன்னால் சாய்ந்து என் தோளைத் தொட்டாள். கொரின் வேலை முடிந்து வந்திருப்பாள், குழந்தையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டாள். சொல்லாமல் போனால் கொரின் என்ன நினைப்பாளோ என்று லூஷியஸ் தயங்கினார். பிறகு தானே கைப்பேசியை எடுத்து, மகளின் எண்ணைத் தேடத் தொடங்கினார்.